கம்ப்யூட்டர் கேள்வி–பதில்: 1130 வந்தால் பாதி வேலை முடிந்தது

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம் செய்கிறோம். மாடியில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் உபுண்டு (லினக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்டு மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்குச் சர்வராக வைத்திருக்கிறோம். அதிலேயே உட்கார்ந்தால் பில்லிங் ஓடுகிறது. கீழே கல்லாவில் இருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து இணைத்தால் 2003 என்று பிழை, கூடவே அடைப்புக்குறிக்குள் 10061. ஃபயர்வாலை அணைத்தோம், பாஸ்வேர்டை மூன்று தடவை மாற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை சார்.

பதில்: முப்பது தடவை மாற்றினாலும் நடக்காது, ஏனென்றால் பேச்சு இன்னும் பாஸ்வேர்டு கேட்கும் இடத்துக்கே போகவில்லை. அந்த அடைப்புக்குறி எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 10061 என்றால் உங்கள் கோரிக்கை மாடி வரைக்கும் போயிருக்கிறது, ஆனால் அந்த முகவரியில் 3306 போர்ட்டில் (மைஎஸ்க்யூஎல்லுக்கான வாசல் எண்) யாரும் இல்லை என்று உடனே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நேரம் சும்மா காத்துக்கிடந்து அப்புறம் 10060 வந்திருந்தால் ஃபயர்வால் மேல் சந்தேகப்படலாம், அல்லது ஐபி முகவரியே தப்பாக இருக்கலாம். அணைத்த ஃபயர்வாலை மறுபடி போட்டுவிடுங்கள், 3306-ஐ மட்டும் கடைக்குள் இருக்கும் முகவரிகளுக்குத் திறந்தால் போதும்.

உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல் போட்டால் அதன் அமைப்புக் கோப்பில் பைண்ட்-அட்ரஸ் என்ற வரியில் 127.0.0.1 என்று இருக்கும். கம்ப்யூட்டர் தனக்குத் தானே பேசிக்கொள்ளும் முகவரி அது. அதனால்தான் மாடியில் ஓடுகிறது, கல்லாவில் ஓடவில்லை. அங்கே சர்வரின் சொந்த ஐபியைப் போடலாம், அல்லது எல்லா முகவரியிலும் கேட்கட்டும் என்று 0.0.0.0 போடலாம். சேமித்தால் மட்டும் போதாது, மைஎஸ்க்யூஎல்லை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இதை மறந்துவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்ட அனுபவம் எனக்கே உண்டு.

இதற்குப் பிறகு உங்களுக்கு 1130 என்று புதுப் பிழை வர வாய்ப்பு அதிகம். வந்தால் சந்தோஷப்படுங்கள். நெட்வொர்க் சரியாகிவிட்டது, சர்வரே எழுந்து வந்து "இந்த இடத்திலிருந்து வருபவரை எனக்குத் தெரியாது" என்கிறது. மைஎஸ்க்யூஎல்லுக்குப் பயனர் என்றால் பெயர் மட்டும் இல்லை, பெயரும் வருகிற இடமும் சேர்ந்ததுதான். லோக்கல்ஹோஸ்ட்டுக்கு (அதாவது அதே கம்ப்யூட்டருக்கு) உருவாக்கிய பயனர் கல்லாவிலிருந்து வந்தால் வேறு ஆள். ஆகவே 192.168.1.% என்ற இடத்தோடு (உங்கள் கடை நெட்வொர்க் எதுவோ அது; % என்றால் அங்கே எந்த எண்ணும் வரலாம்) பில்லிங்குக்கென்று புதிதாக ஒரு பயனரை உருவாக்கி, அந்த ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும் உரிமை கொடுங்கள். 8.0 பதிப்பில் முதலில் பயனரை உருவாக்கிவிட்டுத்தான் உரிமை கொடுக்க முடியும், பழையபடி ஒரே கட்டளையில் இரண்டும் ஆகாது. எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனரை வெளியே விடாதீர்கள்.

இன்னொன்று, கரன்ட் போய் வந்தால் ரவுட்டர் சர்வருக்கு வேறு ஐபி கொடுத்துவிடலாம், அப்புறம் மறுபடி முதலிலிருந்து. ரவுட்டரிலேயே அந்த மெஷினுக்கு ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: கடை வேலூரில், குடோன் காட்பாடியில். ரவுட்டரில் 3306-ஐத் திறந்துவிட்டால் குடோனிலிருந்தே ஸ்டாக் ஏற்றலாமா?

பதில்: வேண்டாம். சில வருடம் முன்பு வாலாஜாவில் ஒரு கடைக்கு நானே அப்படித் திறந்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் சர்வரின் லாகை (யார் வந்தார்கள் என்ற பதிவை) பார்த்தால் முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து ரூட் பெயரில் விடிய விடிய பாஸ்வேர்டு போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நல்லவேளை, பாஸ்வேர்டு கடினமானது. 2017-இல் இப்படித் திறந்து கிடந்த மாங்கோடிபி (இன்னொரு டேட்டாபேஸ்) சர்வர்களில் புகுந்து தரவை அழித்துவிட்டுப் பணம் கேட்டுக் குறிப்பு வைத்துப் போனார்கள். மைஎஸ்க்யூஎல்லும் தப்பவில்லை.

அதோடு, பல இணைப்புகளில் உங்களுக்கென்று தனிப் பொது ஐபியே கிடைப்பதில்லை, அப்போது ரவுட்டரில் திறந்தாலும் பிரயோஜனம் இல்லை. இரண்டு பக்கமும் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருளைப் போடுங்கள், இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பது போல ஆகிவிடும். ஆனால் குடோன் கம்ப்யூட்டர் இனிமேல் 100 என்று தொடங்கும் ஐபியிலிருந்து வரும், 192.168-க்கு உருவாக்கிய பயனர் அங்கே செல்லாது, பைண்ட்-அட்ரஸில் 0.0.0.0 போட்டிருந்தால் பழைய 1130 மறுபடி வந்து நிற்கும். அந்த ஐபிக்கும் ஒரு பயனர் உருவாக்குங்கள்.

கேள்வி: போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸுக்கும் இதே வழிதானா? (ராணிப்பேட்டை)

பதில்: கிட்டத்தட்ட. போர்ட் 5432, வரியின் பெயர் லிசன்-அட்ரஸஸ், மாற்றினால் ரீஸ்டார்ட். எந்த ஐபியிலிருந்து யார் வரலாம் என்பது பிஜி-எச்பிஏ என்ற தனிக் கோப்பில் இருக்கும், அதை மாற்றினால் ரீலோட் (நிறுத்தாமல் அமைப்பை மட்டும் மறுபடி படிக்கச் செய்வது) போதும்.