டிடிஎஸ் குறைந்தால் போதுமா? கிணற்று நீரில் கலந்த ரசாயனம்: கேள்வி பதில்

பாலாற்றங்கரையில் பிறந்து, 23 வருடம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். ஆலைக் கழிவு கலந்த கிணற்று நீரைக் குடிக்கலாமா, எப்படிச் சுத்தம் செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். என்னால் முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

சார், எங்கள் வீடு ராணிப்பேட்டை பக்கம். போர் தண்ணீரில் டிடிஎஸ் 600 இருந்தது. ஆர்ஓ போட்ட பிறகு 150தான் காட்டுகிறது. இனி பயமில்லைதானே?

அவசரப்பட்டு நிம்மதி அடைய வேண்டாம் தம்பி. பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர், தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் மொத்த உப்பை, அதாவது டிடிஎஸ்ஸை, உத்தேசமாகச் சொல்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. ஆலைக் கழிவில் வரும் உலோகமான குரோமியம், குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மீட்டர் காட்டும் மிகச் சிறிய எண்ணே லிட்டருக்கு 1 மில்லிகிராம். அதாவது வரம்பைப் போல் இருபது மடங்கு. குரோமியம் இருக்கிறதா இல்லையா என்று அது எப்படிச் சொல்லும்?

உங்கள் ஊர் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் அங்கே குவிந்து கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் அது கரைந்து நிலத்துக்குள் இறங்கியது. அந்தப் பக்கத்துக் கிணற்று நீரைப் பாட்டிலில் பிடித்து வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துப் பார்த்திருக்கிறேன். எலுமிச்சைத் தோல் போல மஞ்சளாக இருக்கும். ஆனால் நிறம் தெரியும் அளவுக்கு வருவதற்கு வெகுமுன்பே குரோமியம் வரம்பைத் தாண்டிவிடும். தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள்.

அடுத்தது, நீங்கள் சொன்ன அந்த 150. ஆர்ஓ கருவிக்குள் உப்பை வடிகட்டும் சவ்வுக்கு மெம்பிரேன் என்று பெயர். நல்ல மெம்பிரேன் 600ஐ 30, 40 வரைக்கும் இறக்கிவிடும். உங்களுக்கு 150 வருகிறது என்றால், மாட்ட வந்தவர் 'டிடிஎஸ் கன்ட்ரோலர்' திருகைத் திறந்து வைத்திருக்கலாம். மூடியைக் கழற்றினால் உள்ளே சின்ன பிளாஸ்டிக் திருகு இருக்கும். அதைத் திறந்தால் மெம்பிரேன் வழியாகப் போகாத தண்ணீரும் கொஞ்சம் குடிக்கிற தண்ணீரோடு சேரும். சத்து போய்விடக் கூடாது, ருசி வேண்டும் என்று இப்படிச் செய்கிறார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். கிணற்று நீரில் குரோமியம் 0.4, மெம்பிரேனைத் தாண்டி வருவது 0.02 என்று வையுங்கள். டிடிஎஸ்ஸை 150க்குக் கொண்டுவர ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வடிகட்டாத கிணற்று நீரைக் கலக்க வேண்டும். அப்போது குரோமியம் கிட்டத்தட்ட 0.1. வரம்பைப் போல் இரண்டு மடங்கு! காசு கொடுத்து வெளியேற்றிய நஞ்சை நாமே திரும்பக் கலந்து குழந்தைக்குக் கொடுக்கிறோம். ஆலைக் கழிவு உள்ள ஊரில் அந்தத் திருகு முழுதாக மூடியிருக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து குறைகிறதே என்று கவலையாக இருந்தால் கடைசியில் மினரல் கார்ட்ரிட்ஜ் ஒன்று மாட்டிக்கொள்ளலாம். கேழ்வரகும் கீரையும் சாப்பிடலாம்.

அப்படியென்றால் திருகை மூடிவிட்டால் ஆர்ஓ எல்லாவற்றையும் எடுத்துவிடுமா?

எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நூற்றுக்குத் தொண்ணூறு எடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கிணற்றில் 0.3 இருந்தால் 0.03 மிஞ்சும், பரவாயில்லை. 1 இருந்தால் 0.1 மிஞ்சும். அது குடிக்க ஆகாது, வேறு தண்ணீர்தான் பார்க்க வேண்டும். மெம்பிரேன் பழசானால் வடிகட்டுவதும் குறையும். அதனால்தான் உள்ளே போகும் நீர், வெளியே வரும் நீர் இரண்டையும் சோதிக்கச் சொல்கிறேன்.

வாணியம்பாடியிலிருந்து. இங்கே தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், அதிகம். எங்களுக்கும் குரோமியம்தான் பிரச்சினையா அண்ணா?

இருக்கலாம், சோதித்துவிடுங்கள். ஆனால் தோல் பதனிட உபயோகிக்கும் குரோமியம் வேறு வகை. மூன்று இணைதிறன் கொண்ட அது பெரும்பாலும் மண்ணோடு ஒட்டி நின்றுவிடும். ராணிப்பேட்டை குப்பையில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்டது. புற்றுநோய் தரக்கூடியது, தண்ணீரோடு சுலபமாக ஓடும். உங்கள் பக்கத்துக் கிணறுகளை அதிகம் கெடுத்தது உப்பு. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பில் போடுகிறார்கள், கழுவும்போது அத்தனையும் வெளியே வருகிறது. திருப்பூர் சாயக் கழிவிலும் உப்புதான் பெரும் பங்கு. உப்புக்கு ஆர்ஓ சரியான வழி.

அக்கம்பக்கத்தில் கொதிக்க வைத்தால் போதும் என்கிறார்களே?

கிருமிக்குப் போதும். குரோமியத்துக்கும் உப்புக்கும் ஆகாது. நீர் ஆவியாகிப் போகும், அவை பாத்திரத்திலேயே தங்கும். பத்து டம்ளர் எட்டாக வற்றினால், பத்து டம்ளரில் இருந்தது எட்டில் இருக்கும்.

செப்புக் குடம், தேற்றான்கொட்டை, முருங்கை விதை?

கொட்டையும் விதையும் கலங்கலைத் தெளிய வைக்கும், செப்பு கிருமியைக் குறைக்கும். கரைந்த ரசாயனத்தை இவை எடுக்காது. யூவி விளக்கும் கிருமிக்கு மட்டும்தான்.

அண்ணை, நான் யாழ்ப்பாணம். சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தது தெரிந்திருக்கும். அப்படியான தண்ணீருக்கு என்ன செய்யலாம்?

தெரியும். உங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். ஓரிடத்தில் ஊற்றிய எண்ணெய் வெடிப்புகள் வழியே தூரத்துக் கிணற்றுக்கும் போய்விடும். எண்ணெய், பெட்ரோல், கரைப்பான் போன்றவற்றுக்கு வேண்டியது கார்பன், அதாவது கரி வடிகட்டி. இவற்றில் சில சிறிய மூலக்கூறுகள் ஆர்ஓ மெம்பிரேனையும் தாண்டிவிடும். ஆனால் மேலே எண்ணெய் மிதக்கிற கிணற்றை எந்தக் கருவியை நம்பியும் குடிக்காதீர்கள்.

கார்பனில் ஒரு ஆபத்து உண்டு. அதன் துளைகள் நிரம்பிவிட்டால் எந்த அறிகுறியும் காட்டாமல் நஞ்சை விட்டுவிடும். தண்ணீர் வழக்கம்போல் வந்துகொண்டேதான் இருக்கும். இரண்டு கார்பனை அடுத்தடுத்து மாட்டி, முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் நீர் எடுத்துச் சோதியுங்கள். அங்கே நஞ்சு தெரிந்தால் முதலாவதை மாற்றும் நேரம். இன்னொன்று, பெட்ரோல் வாடை உள்ள நீரை மூடிய அடுக்களையில் கொதிக்க வைக்காதீர்கள். அது ஆவியாகி உங்கள் மூச்சுக்குள் போகும்.

ஆர்ஓ வெளியேற்றும் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு விடலாமா?

குரோமியம் உள்ள ஊரில் வேண்டாம் அம்மா. கிணற்றில் இருந்ததைவிட அதில் செறிவு அதிகம். கழிப்பறைக்கு ஊற்றுங்கள்.

எங்கே சோதிப்பது? எப்படித் தண்ணீர் பிடிப்பது?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் பரிசோதனைக் கூடங்கள் உண்டு, கட்டணம் கட்டினால் பொதுமக்களுக்கும் செய்து தருவார்கள். 'குடிநீர் டெஸ்ட்' என்று மட்டும் கேட்டால் வழக்கமான உப்பு, கடினத்தன்மையோடு முடித்துவிடுவார்கள். மொத்த குரோமியம், ஆறு இணைதிறன் குரோமியம், ஈயம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அங்கே வசதி இல்லாததை அங்கீகாரம் பெற்ற தனியார் கூடத்தில் பார்க்கலாம்.

மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, புது பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடியுங்கள். குளிர்பான பாட்டில் வேண்டாம். ஒருவர் கொண்டு வந்த பாட்டிலில் அடியில் ஆரஞ்சு நிறத் துளி ஒட்டியிருந்தது. பாவம், இன்னொரு முறை பஸ் ஏறி வரும்படி ஆயிற்று. ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு ஐஸ் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். எண்ணெய், கரைப்பான் சோதனைக்குக் கண்ணாடிப் பாட்டில். பெட்ரோல், கரைப்பான் போல ஆவியாகும் பொருளுக்கு மட்டும் மூடிக்குக் கீழே ஒரு குமிழி கூட இல்லாமல் நிரப்புங்கள்.