மரவள்ளிக்கு மாட்டு எரு மட்டும் போதுமா, மூட்டை உரமும் போட வேண்டுமா?

கேட்டவர் அரை ஏக்கர் இறவையில், அதாவது தண்ணீர் பாய்ச்சும் நிலத்தில், மரவள்ளி வைக்கப் போகிறாராம். வீட்டில் மாடு இருக்கிறது, ரசாயன உரம் இல்லாமல் சமாளிக்க முடியுமா என்கிறார்.

சமாளிக்கலாம், பயிர் வரும். ஆனால் கிழங்கு எவ்வளவு வரும் என்பது வேறு கணக்கு. நான் இதில் எதிர்ப்பக்கமாகப் போய் அடி வாங்கியவன். அதைச் சொன்னால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

எங்களுக்கு ராசிபுரம் பக்கம் செம்மண் காடு. இங்கே மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்போம். முதல் முறை நானே பொறுப்பெடுத்து ஒரு ஏக்கரில் நட்டபோது, மாமா "கோழி எரு மூணு லோடு எறக்குடா, சும்மா கிளம்பும்" என்றார். நாமக்கல் மாவட்டத்தில் கோழி எருவுக்கா பஞ்சம்? ஆறப்போடாமல் அப்படியே இறக்கி, உழுது, தை மாதம் கரணை (நடுவதற்கு வெட்டிய குச்சித் துண்டு) ஊன்றினேன். போதாதென்று தண்ணீர் விடும்போதெல்லாம் யூரியாவும் வீசினேன். பொட்டாஷ் மூட்டை விலையைக் கேட்டதும் அது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

செடி கிளம்பியது உண்மைதான். ஆறாம் மாதத்தில் என் தலைக்கு மேலே இரண்டு முழம். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஆடிக் காற்றில் பாதி சாய்ந்தது. கார்த்திகையில் பிடுங்கினால் கிழங்கு விரல் பருமனிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரைதான். அதைவிடப் பெரிய அடி ஆலையில் விழுந்தது. சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் எடைக்கு மட்டும் பணம் தருவதில்லை. கிழங்கில் எத்தனை சதவீதம் மாவு என்று பார்த்து, அந்த பாயிண்டுக்குத்தான் விலை. பக்கத்துக் காட்டுக்காரருக்கு 27 பாயிண்ட், எனக்கு 22. கிழங்கு ஏற்ற வந்த தரகர், "குச்சி நல்லா வளந்திருக்குதுங்க, இதையே எடை போட்டுக்கலாமுங்களா?" என்று சிரித்தார்.

காரணம் பிறகுதான் புரிந்தது. யூரியாவும் கோழி எருவும் அள்ளித் தருவது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். அது இலையையும் தண்டையும் வளர்க்கும். இலை செய்யும் சர்க்கரையைக் கீழே கொண்டுபோய்க் கிழங்கில் மாவாகச் சேர்க்க உதவுவது சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ். மேலே தழை ஓயாமல் கிளம்பிக்கொண்டே இருந்தால் செடி சம்பாதித்ததை அதுவே தின்றுவிடும். வீட்டுக்குச் சமைக்கிற கிழங்கென்றால் இன்னொன்றும் உண்டு: தழைச்சத்து மிஞ்சினால் கசப்பும் ஏறும்.

இப்போது உங்கள் மாட்டு எருவுக்கு வருவோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இறவை மரவள்ளிக்கு எக்டேருக்கு (சுமார் இரண்டரை ஏக்கர்) 25 டன் தொழு உரமும், அதற்கு மேல் தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து 90:90:240 கிலோவும் சொல்கிறது. தழையைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல் சாம்பல் சத்து. மாட்டு எருவில் இந்த இரண்டும் ஏறக்குறைய சமமாகத்தான் இருக்கும், டன்னுக்கு ஐந்து கிலோ அளவில். அந்த 25 டன்னுக்கு மேல் 240 கிலோவையும் எருவிலேயே எட்ட வேண்டுமென்றால் மொத்தம் ஏறக்குறைய மூன்று பங்கு எரு கொட்ட வேண்டும். அவ்வளவு எருவுக்கு எங்கே போவது? கிடைத்தாலும் கூடவே தழைச்சத்தும் ஏறி, என் காடு மாதிரி ஆகிவிடும்.

அப்படியானால் எரு வேண்டாமா? வேண்டும், கட்டாயம் வேண்டும். எங்கள் செம்மண் காய்ந்தால் கல் மாதிரி இறுகும். எரு போட்ட இடத்தில் கிழங்கு தடையில்லாமல் பருக்கிறது, பிடுங்கும்போது முறியாமல் வருகிறது. பொட்டாஷ் மூட்டை இந்த வேலையைச் செய்யாது. நன்றாக மக்கிய எருவாக மட்டும் இருக்கட்டும். முள்ளங்கி, கேரட் போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பச்சை எருவில் வேர் இரண்டு மூன்று காலாகக் கிளைத்துவிடும். அவற்றுக்கு முந்தைய பயிரிலேயே எருவைப் போட்டு முடித்துவிடுவது நல்லது.

உங்கள் அரை ஏக்கருக்குக் கணக்கு போட்டால் எரு ஐந்து டன், டிராக்டர் ட்ரெய்லரில் இரண்டு நடை. கடைசி உழவுக்கு முன் இறைத்துவிடுங்கள். மணிச்சத்துக்குச் சூப்பர் பாஸ்பேட் சுமார் 110 கிலோ, எல்லாம் அடியுரமாகவே. பொட்டாஷ் 80 கிலோ: பாதி நடும்போது, பாதி மூன்றாம் மாதம். யூரியா மொத்தமே 40 கிலோதான், அதையும் அப்படியே இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். மூன்றாம் மாதம் போடுவதைச் செடியைச் சுற்றி வைத்து மண் அணைத்துத் தண்ணீர் கட்டுங்கள். அதற்குப் பிறகு யூரியா மூட்டையைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள், கை சும்மா இருக்காது.

வாங்குவதற்கு முன் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். வருடக்கணக்காக டிஏபியோ (தழையும் மணியும் சேர்ந்த மூட்டை உரம்) கோழி எருவோ போட்ட நிலமென்றால் மணிச்சத்து தேங்கியிருக்கும், சூப்பரைக் குறைத்துக்கொள்ளலாம். சுண்ணாம்பு மண்ணாக இருந்து கொழுந்து வெளிறினால் அதற்கும் யூரியா போடாதீர்கள். அது இரும்புச்சத்துக் குறை. ஒரு சதவீத அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசலை இரண்டு மூன்று தடவை தெளித்தால் பச்சை திரும்பும்.

வீட்டில் விறகு அடுப்பு இருந்தால் சாம்பலைக் கொட்டிவிடாதீர்கள். அதிலும் பொட்டாஷ் இருக்கிறது. எங்கள் அப்பாயி (அப்பாவின் அம்மா) சேனைக் குழியில் எருவோடு ஒரு முறம் சாம்பலையும் போட்டு மூடும். நான்தான் அதைக் கவனிக்காமல் கோழி எருவுக்குப் போனேன்.