கம்பளம் வாங்குமுன் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்

கே: பின்புறம் துணி ஒட்டிய கம்பளத்தைக் கடைக்காரர் 'கையால் செய்தது' என்கிறார். சரியா?

ப: கையால் செய்ததுதான், ஆனால் இழை இழையாகக் கையால் போடும் முடிச்சு கிடையாது. கருவியால் இழையைச் செருகி, லேடெக்ஸ் பசை பூசிய டஃப்டட் ரகம். சில ஆண்டுகளில் பசை பொடியாக உதிரும். முடிச்சுக் கம்பளத்தைத் திருப்பினால் பூ வேலைப்பாடு பின்புறமும் தெளிவாகத் தெரியும்.

கே: குஞ்சம் தனியாகத் தைத்ததுபோல் இருக்கிறது.

ப: குஞ்சம் என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் நுனி. தைத்திருந்தால் எந்திரச் சரக்கு, டஃப்டட், அல்லது பழுது பார்த்தது. திருப்பிப் பாருங்கள்.

கே: ஸ்ரீநகர் சுற்றுலாவில் 4-க்கு 6 அடி பட்டுக் கம்பளம் 18 ஆயிரத்துக்கு வாங்கினேன். அசல்தானே? படம் இணைத்துள்ளேன்.

ப: முன்பக்கப் படத்தை வைத்து என்ன சொல்வது? பின்பக்கத்தை அனுப்புங்கள் என்று எத்தனை முறை எழுதுவது! ஆனாலும் விலையே பாதி பதில். சதுர அங்குலத்துக்கு 324 முடிச்சு என்றாலும் மொத்தம் 11 லட்சம் வரும். நாளுக்கு 8 ஆயிரம் முடிச்சு போட்டால்கூட ஒருவருக்கு நாலரை மாத வேலை. அந்தக் கூலியும் பட்டும் 18 ஆயிரத்தில் அடங்குமா? 'ஆர்ட் சில்க்', 'மூங்கில் பட்டு' என்று விற்பதெல்லாம் பெரும்பாலும் மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் இழை. தண்ணீர் பட்ட இடம் மஞ்சளித்து விறைத்துப்போகும். பட்டுதான் என்று கடைக்காரர் குஞ்சத்தைக் கொளுத்திக் காட்டினால் நம்பாதீர்கள். பாவு பட்டாகவும், முடிச்சு போட்ட மேலிழை விஸ்கோஸாகவும் இருக்கலாம். மேலிழையில் இரண்டைப் பிடுங்கிக் கொளுத்துங்கள். பட்டு முடி கருகும் வாடையோடு எரிந்து, விரலில் நசுங்கும் கரிய உருண்டையாகும். விஸ்கோஸ் காகிதம்போல எரியும். இந்தப் பொய்யால் நட்டம் உங்களோடு நிற்பதில்லை. மாதக்கணக்கில் தறியில் குனிந்திருப்பவரின் கூலியையும் அது அடிக்கிறது. மேலிழை என்ன, பாவு என்ன என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

கே: ஒரே நீலம் பட்டை பட்டையாக மாறுகிறதே, குறையா?

ப: இல்லை. அது அப்ராஷ்; நூலைத் தவணை தவணையாகச் சாயம் தோய்ப்பதால் வருவது. ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கே: முடிச்சு கூடினால் தரமும் கூடுமா?

ப: பட்டில் ஓரளவு. ஈரானின் கஷ்காய் மக்கள் நெய்யும் கப்பே ரகக் கம்பளத்தில் முடிச்சு குறைவு. கம்பளியின் தரமே அங்கே பேசும்.

கே: காஷ்மீர்க் கம்பளத்துக்குச் சான்று உண்டா?

ப: 2016-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, 2022 முதல் க்யூஆர் முத்திரையும் உண்டு. கடையிலேயே ஸ்கேன் செய்யுங்கள். பிறகு திருப்பியும் பாருங்கள்.