வடிவியல் ஏன் பிள்ளைகளுக்குப் புரிவதில்லை? சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள், சதுரத்தைச் சாய்த்து வைத்தால் "இது டைமண்ட்" என்கிறாள். கவனக்குறைவா?

இல்லைங்க, அந்தக் கட்டத்தில் பிள்ளைகள் அப்படித்தான் பார்ப்பார்கள். நெதர்லாந்தில் கணக்கு ஆசிரியர்களாக இருந்த பியர் வான் ஹீலே, டீனா வான் ஹீலே தம்பதி 1957இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேடுகள் இதைப் பற்றியவைதான். வடிவியல் புரிதல் படிப்படியாகத்தான் வளரும் என்றார்கள் அவர்கள். முதல் படியில் வடிவம் மொத்தமாகத் தெரியும், பக்கமும் கோணமும் கண்ணில் படாது. ஒரு சதுரத் தாளை அவள் கையில் கொடுத்து, பக்கத்தோடு பக்கம் மடித்து வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் சாய்த்து வைத்து எது மாறியது, எது மாறவில்லை என்று கேளுங்கள். நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: ஏழாம் வகுப்பு எடுக்கிறேன். சதுரமும் ஒரு செவ்வகம்தான் என்றால் பிள்ளைகள் ஏற்க மறுக்கிறார்கள்.

பண்புகளைப் பட்டியல் போடத் தெரிகிறது, ஒன்றிலிருந்து இன்னொன்று வருகிறது என்பது இன்னும் தெரியவில்லை, அது இரண்டாம் படி. "ஒரு நாற்கரத்தைச் செவ்வகம் என்று சொல்லக் குறைந்தபட்சம் என்ன தெரிய வேண்டும்?" என்று கேட்டுவிட்டு வாதாட விடுங்கள். நான்கு செங்கோணம் என்பார்கள். நான்கு கோணங்களின் கூடுதல் 360 பாகை என்பதால் மூன்றே போதும் என்று யாராவது சொன்னால், அந்தப் பிள்ளை மூன்றாம் படிக்கு வந்தாச்சு. பக்கங்கள் சமமாக இருக்கக்கூடாது என்று யாருமே நிபந்தனை போடவில்லை என்பதும் அந்த வாதத்தில்தான் வெளியே வரும். விதியாக எழுதிப் போட்டால் பரீட்சை வரைக்கும்தான் நிற்கும்.

கேள்வி: பத்தாம் வகுப்பு. தேல்ஸ் தேற்றத்தை மனப்பாடமாக எழுதிவிடுவேன், புரியவில்லை.

உன் மேல் தப்பில்லை தம்பி, நடுவில் ஒரு படியைத் தாண்டி உன்னை நிற்க வைத்துவிட்டார்கள். ஒரு முக்கோணம் வரை, அடிப்பக்கத்துக்கு இணையாக உள்ளே ஒரு கோடு போடு, மற்ற இரு பக்கங்களிலும் விழும் துண்டுகளை அளந்து, இரண்டிலும் விகிதம் ஒன்றுதானா என்று பார், தேற்றம் சொல்வது அதைத்தான். வேறு முக்கோணத்திலும் செய். எல்லா முக்கோணத்தையும் அளக்க முடியாதே, பிறகு எப்படி உறுதியாகச் சொல்வது என்று உனக்கே தோன்றும்போது நிரூபணத்தைத் திற.

கேள்வி: வயது ஏறினால் தானாக வந்துவிடாதா?

வராது. வயதைவிடக் கற்பிக்கும் விதம்தான் முக்கியம் என்பது வான் ஹீலேக்களின் அழுத்தமான கருத்து.

கேள்வி: கணினியில் வடிவம் வரைந்து இழுத்துப் பார்க்கும் ஜியோஜீப்ரா மென்பொருள் உதவுமா?

உதவும், முனையைப் பிடித்து இழுப்பது பிள்ளையின் கையாக இருந்தால்.