ஓவர்கிளாக் செய்த கிராபிக்ஸ் கார்டை வாரண்டியில் கொடுக்கலாமா?

தம்பி, ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கோர் கிளாக்கை, அதாவது கார்டின் சிப் ஓடும் வேகத்தை, 100 மெகாஹெர்ட்ஸ் ஏற்றி ஓவர்கிளாக் செய்தேன், இப்போது திரையில் கட்டம் கட்டமாக வருகிறது, டவுன்ஹால் ரோட்டுக் கடையில் சொல்வதா மறைப்பதா என்கிறீர்கள். கேட்டால் மறைக்காதீர்கள். அந்த அளவு கார்டுக்குள் பதிவதில்லை, விண்டோஸில் மென்பொருள் ஓடும்போதுதான் ஏறுகிறது, அதனால் முதலில் ஆஃப்டர்பர்னரில் ரீசெட் அடித்து, வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள், அங்கேயும் கட்டம் வந்தால் கோளாறு கார்டில்தான். கார்டின் பயாஸை (அதற்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதியிருந்தால் கதை வேறு, அது கார்டிலேயே தங்கிவிடும். கம்பெனிக்காரர்களே வேகத்தை ஏற்றி, அட்டைப்பெட்டியில் ஓவர்கிளாக் என்பதைச் சுருக்கி 'ஓசி' என்று போட்டு (நம்ம ஊர் ஓசி இல்லை, விலை கூட!) விற்கிறார்கள், நாம் ஸ்லைடரைத் தள்ளினால் மட்டும் வாரண்டி போய்விடுமா, அநியாயம். ஆனாலும் வாரண்டிச் சீட்டில் அப்படி எழுதியிருந்தால் வாதாடுவது கஷ்டம். அதைப் படித்துவிட்டு, பில்லோடு, கட்டம் தெரியும் வீடியோவும் எடுத்துக்கொண்டு போங்கள்.