பிளஸ் டூ படிக்கும் மகள் விளையாட்டை அடியோடு நிறுத்திவிட்டாள். படிப்புக்கு அது நல்லதுதானா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மகள் பத்தாவது வரை பள்ளிக் கோ-கோ அணியில் ஆடியவள். இப்போது மைதானத்துப் பக்கமே போவதில்லை. இரவு 11:30க்குப் படுக்கிறாள், காலை 4:30க்கு எழுகிறாள். காலையில் வெறும் டீ. அடிக்கடி தலைவலி, படித்தது மனதில் நிற்கவில்லை என்று அழுகை. இந்த வருடம் உடற்பயிற்சி, விளையாட்டு என்று நேரம் செலவழித்தால் மார்க் குறைந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

குறையாது. நான் தென்மாவட்டத்தில் ஒரு சிறு நகரப் பள்ளியில் 22 வருடமாக உடற்கல்வி ஆசிரியை. இந்தப் பயத்தை நானும் பல வருடம் உண்மை என்று நம்பியவள்தான். கால அட்டவணையில் பிளஸ் டூ வகுப்புக்கு வாரம் இரண்டு பி.டி. பீரியட் இருக்கும். ஜூலை பிறந்ததும் கணக்கு டீச்சர் ஒன்றைக் கேட்பார், கெமிஸ்ட்ரி சார் இன்னொன்றைக் கேட்பார். நானும் கொடுத்துவிடுவேன். பிள்ளைகளின் நல்லதுக்குத்தானே என்று நினைத்தேன். காலை பிரேயரில் ஏதாவது ஒரு பெண் மயங்கி விழுவாள். தண்ணீர் தெளித்து, குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து வகுப்புக்கு அனுப்புவோம். இவள் ஏன் விழுந்தாள் என்று யாரும் உட்கார்ந்து யோசித்ததில்லை. அந்த வருடங்களை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பிறகு வந்த தலைமையாசிரியை ஒருவர், வாரம் மூன்று நாள் கடைசிப் பீரியட் பிளஸ் டூ பிள்ளைகள் மைதானத்தில்தான் இருக்க வேண்டும், யாரும் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த வருடம் மார்க் எகிறியது என்று நான் சொல்ல மாட்டேன். தேர்ச்சி ஏறக்குறைய முந்தைய வருடம் போலத்தான் இருந்தது. ஆனால் பாருங்கள், வாரம் மூன்று பீரியட் போயும் எதுவும் குறையவில்லை. மாலை ஸ்பெஷல் கிளாஸில் முன்பெல்லாம் பாதிப் பேர் கன்னத்தில் கை வைத்துத் தூங்குவார்கள், இப்போது கேள்வி கேட்கிறார்கள் என்று அந்தக் கெமிஸ்ட்ரி சாரே என்னிடம் வந்து சொன்னார்.

சரி, உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். உடற்பயிற்சி பற்றிக் கேட்டீர்கள், ஆனால் நான் முதலில் கை வைப்பது தூக்கத்தில்தான். 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அவளுக்குக் கிடைப்பது 5. பகலில் படித்ததை மூளை அடுக்கிப் பதிய வைப்பதில் பெரும்பகுதி தூக்கத்தில்தான் நடக்கிறது. மனதில் நிற்கவில்லை என்று அவள் அழுவதற்கு அவளுடைய புத்தியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பதிவதற்கான நேரத்தையே நாம் வெட்டிவிட்டோம். இன்னொன்றும் உண்டு. இந்த வயதில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் பின்னால் தள்ளிப் போகும். இரவு சீக்கிரம் தூக்கம் வராது, விடியற்காலையில் எழுவது நம்மைவிட அவர்களுக்குக் கஷ்டம். பிரம்ம முகூர்த்தத்தில் படித்தால்தான் ஏறும் என்று எல்லாப் பிள்ளைகளையும் 4 மணிக்கு எழுப்புவதில் எனக்கு உடன்பாடே இல்லை. எழுந்தே ஆக வேண்டுமென்றால் 8 மணிக்கே படுக்கட்டும். இரண்டு முனையிலும் நேரத்தைத் திருடினால் உடம்பு தாங்காது.

இரவு டீ குடிக்கிறாளா? அதில் இருக்கும் காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 9 மணிக்குக் குடித்த டீ நள்ளிரவு தாண்டியும் வேலை செய்துகொண்டிருக்கும். போன் படுக்கைக்கு வெளியே இருக்கட்டும், அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் உடற்பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடம் உடம்பை அசைக்க வேண்டும், வாரத்தில் குறைந்தது 3 நாள் மூச்சு வாங்கும்படியான ஓட்டமும் தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சியும் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. உலகம் முழுவதும் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் இந்த அளவை எட்டுவதில்லை என்பதும் அதே நிறுவனத்தின் கணக்குதான். பெண் பிள்ளைகளில் இது 85. எங்கள் மைதானத்தைப் பார்த்தாலே எனக்கு அது தெரியும். வயதுக்கு வந்ததும் வீட்டில் ஒரு தடை, பத்தாவதில் ஒரு தடை, பிளஸ் டூவில் மூன்றாவது தடை. எட்டாம் வகுப்பில் என்னையே ஓடவிட்ட பெண்கள் பதினேழு வயதில் இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்கி நிற்கிறார்கள்.

அந்த மூன்றாவது தடையைத்தான் நீங்கள் எடுத்துவிட வேண்டும் என்கிறேன். வேகமாக 20 நிமிடம் நடந்துவிட்டு உட்கார்ந்தால் அடுத்த கொஞ்ச நேரம் கவனம் நன்றாகக் கூடும். இதைச் சிறு பிள்ளைகளை வைத்துச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பயிற்சி செய்யும் பிள்ளைக்குப் படுத்ததும் தூக்கம் வருகிறது, காலையில் பசிக்கிறது, பரீட்சைப் படபடப்பும் குறைகிறது. மாதவிடாய் வலி இருந்தால் தொடர்ந்த நடையும் நீட்டல் பயிற்சியும் அதையும் தணிக்கும். எலும்பு விஷயம் இன்னும் முக்கியம். ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் சேரக்கூடிய எலும்பு வலுவில் ஏறக்குறைய 90 சதவீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. குதிப்பதும் ஓடுவதும்தான் எலும்பைக் கெட்டியாக்கும். அறுபது வயதில் குளியலறையில் வழுக்கி விழும்போது இடுப்பெலும்பு தாங்குமா என்பதற்கான சேமிப்பில் பெரும்பங்கை அவள் இப்போதுதான் போடுகிறாள்.

ஆனால் நாளைக்கே ஓடவிடாதீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை. தலைவலி, சோர்வு, காலையில் சாப்பாடு இல்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ரத்தசோகை சந்தேகம்தான் வந்தது. 2019-21ல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சோதித்துவிடலாம். பள்ளியில் வாரம் ஒரு நாள் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா என்றும் கேளுங்கள். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து ஜன்னல் வழியாக எறிந்துவிடுவார்கள். எங்கள் பள்ளிச் சுவரோரம் நானே எத்தனையோ பொறுக்கியிருக்கிறேன். மலம் கறுப்பது இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. சாப்பிட்டபின் போட்டால் குமட்டல் குறையும். மாத்திரையோடு சேர்த்து டீ மட்டும் குடிக்கவே கூடாது. அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை, கொய்யா, நெல்லிக்காய் அதற்கு நேர்மாறு, நன்றாகச் சேர வைக்கும்.

காலைச் சாப்பாட்டுக்குப் பெரிதாக எதுவும் வேண்டாம். அரசின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5ம் வகுப்பு வரைதான். பெரிய பிள்ளைகளுக்கு வீட்டில் பார்த்தால்தான் உண்டு. பழைய சோறும் ஒரு அவித்த முட்டையும் போதும். அவசரம் என்றால் ஒரு வாழைப்பழமும் இரண்டு கடலை மிட்டாயும். முருங்கைக்கீரை கிடைக்கிற நாளில் விடாதீர்கள்.

ரத்தம் சரியாக இருந்தால் இப்படித் தொடங்கலாம். பள்ளி விட்டு வந்ததும் புத்தகத்தைத் திறக்காமல் மொட்டை மாடிக்குப் போகட்டும். வெளிச்சம் இருக்கும்போதே போவது கண்ணுக்கும் நல்லது. ஐந்து நிமிடம் நடை. பிறகு ஸ்கிப்பிங், 30 விநாடி குதித்து 30 விநாடி நிற்க வேண்டும், இப்படிப் பத்து முறை. கடைசியில் கால், இடுப்பு, தோள் எல்லாவற்றையும் நிதானமாக நீட்டி மடக்கட்டும். மொத்தம் 20 நிமிடம். முழு 60 நிமிடத்தை முதல் மாதத்திலேயே எதிர்பார்க்க வேண்டாம். பள்ளி பக்கத்தில் என்றால் சைக்கிளில் அனுப்புங்கள், அதுவும் கணக்கில் சேரும். ஞாயிற்றுக்கிழமை பழைய கோ-கோ தோழிகளுடன் ஒரு மணி நேரம் ஆடக் கேட்டால் தயவுசெய்து மறுக்காதீர்கள். தனியாகக் குதிப்பதில் கிடைக்காத ஒன்று அதில் அவளுக்குக் கிடைக்கும். துரத்தி ஓடி, தொட்டுவிட்டுச் சிரித்து எத்தனை நாளாகிறதோ அந்தப் பிள்ளைக்கு.

பரீட்சை மாதத்திலும் இதை நிறுத்த வேண்டாம், ஸ்கிப்பிங்கை விட்டு நடையை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

ஒன்று விட்டுப்போனது. சிமெண்ட் தரையில் வெறுங்காலில் குதிக்கக்கூடாது, முழங்கால் வலிக்கும். அவளுடைய பழைய கேன்வாஸ் ஷூவை எடுத்துப் பாருங்கள். இரண்டு வருடம் மூலையில் கிடந்ததில் அடிப்பகுதி கட்டிதட்டிப் போயிருந்தால் புதிது வாங்கிவிடுங்கள், அவளையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்.