கீழாநெல்லி குடித்தால் 'ஹெபடைடிஸ் பி' போய்விடுமா?

மஞ்சள் காமாலை, அதைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் (கல்லீரல் அழற்சி) வைரஸ்கள், தடுப்பூசி பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கீழாநெல்லி பற்றித்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள்.

கே: எனக்கு ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணையும் போட்டாயிற்று. அது 'சி' வராமலும் தடுக்குமா?

தடுக்காது. ஏ, பி, சி, டி, ஈ என்று வரிசையாகப் பெயர் வைத்துவிட்டதால் அண்ணன் தம்பிகள் போலத் தோன்றுகிறது. உண்மையில் ஐந்தும் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத வைரஸ்கள். போய் உட்காரும் இடம் மட்டும்தான் ஒன்று, கல்லீரல். ஆனால் பி ஊசி போட்டவருக்கு 'டி' வராது. டி வைரஸுக்குச் சொந்தமாக மேலுறை கிடையாது, பி-யின் உறையை இரவல் வாங்கித்தான் வெளியே கிளம்பும்.

கே: எங்கள் ஊரில் காமாலை என்றால் கீழாநெல்லிதான். குணமாகிறதே! ஆராய்ச்சி ஏதும் நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, அதுவும் சென்னையில். பி வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவோடு சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தார். 1988-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வந்தது. பி வைரஸை உடம்பில் தாங்கியிருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆயிற்று. எப்பேர்ப்பட்ட செய்தி! ஆனால் அதற்குப் பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. முதல் ஆய்வில் ஆட்களும் குறைவு, கவனித்த காலமும் குறைவு. ஓர் இடத்தில் கிடைத்தது இன்னோர் இடத்திலும் கிடைத்தால்தான் மருந்து என்று சொல்ல முடியும்.

அப்படியானால் உங்கள் ஊரில் குணமாவது எப்படி? தண்ணீரால் வரும் ஏ, ஈ இரண்டும் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். அந்தச் சமயத்தில் குடித்த கீழாநெல்லி பெயர் வாங்கிக்கொள்ளும். நான் கீழாநெல்லிக்கு எதிரி இல்லை. பி உள்ளவர் அதை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு, கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்த பிறகு வருகிறாரே, அதுதான் என் வருத்தம்.

கே: மனைவிக்கு ஏழாம் மாதம். பரிசோதனையில் 'பி பாசிட்டிவ்' என்கிறார்கள். குழந்தைக்கு வந்துவிடுமா?

வராமல் தடுக்க முடியும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் பி ஊசி, முடிந்தால் பிரசவ அறையிலேயே. கூடவே இன்னொரு தொடையில் எதிர்ப்புப் புரத ஊசி (இம்யூனோகுளோபுலின்). பிறகு 6, 10, 14-ஆம் வாரங்களில் வழக்கமான ஐந்து நோய்த் தடுப்பூசியிலேயே பி-யும் இருக்கும். தாயின் ரத்தத்தில் வைரஸ் அளவு அதிகம் என்றால் அதை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையும் உண்டு. ஏழாம் மாதம் என்பதால் அதை இந்த வாரமே கேளுங்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஏன் இத்தனை அவசரம்? பெரியவருக்கு பி தொற்றினால் நூற்றுக்கு 95 பேர் தாங்களே விரட்டிவிடுவார்கள். பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளிலோ பத்தில் ஒன்பதுக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும், பின்னாளில் கல்லீரல் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். 1984-ல் பிறந்த குழந்தைகளுக்கு ஊசி போடத் தொடங்கிய தைவானில், அந்தத் தலைமுறையில் சிறுவர்களுக்கு வரும் கல்லீரல் புற்றுநோயே குறைந்தது.

கே: பி-க்கு ஊசி வந்து 40 வருடம் ஆகிறது. சி-க்கு ஏன் இன்னும் இல்லை?

பி விஷயத்தில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம். அந்த வைரஸ் உள்ளே சரக்கே இல்லாத வெற்று உறைகளை ரத்தத்தில் கோடிக்கணக்கில் கொட்டும். வைரஸை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கத் தெரியாத காலத்திலேயே, அந்த உறைகளை நோயாளிகளின் ரத்தத்திலிருந்து பிரித்துச் சுத்தம் செய்து 1981-ல் அமெரிக்காவில் ஊசியாக்கினார்கள். ரத்தம் என்றாலே பயம் வந்த எய்ட்ஸ் காலம் அது. 1986-ல் நோயாளி ரத்தமே தேவைப்படாமல் அதே உறையை ஈஸ்டில் (ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர்) தயாரிக்கக் கற்றார்கள். இந்தியாவில் 1997-ல் ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் தன் ஊசியைக் கொண்டுவந்த பிறகுதான் விலை சாமானியர் கைக்கு எட்டியது.

சி அப்படி இல்லை. பிரதி எடுக்கும்போது பிழை திருத்தத் தெரியாத வைரஸ் அது. ஒரே நோயாளியின் உடம்பிலேயே தினமும் வேஷம் மாற்றும். ஒருமுறை வந்து போனவருக்கு மறுபடியும் வரும். 2021-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 548 பேரில் பாதிப் பேருக்கு ஊசியும் பாதிப் பேருக்கு வெற்று ஊசியும் போட்டார்கள். நோய் எதிர்ப்பு அணுக்கள் என்னவோ நன்றாகத்தான் கிளம்பின. கடைசியில் எண்ணிப் பார்த்தால் இந்தப் பக்கம் 14 பேருக்கு நோய் தங்கியது, அந்தப் பக்கமும் 14 பேருக்கு.

ஊசி இல்லாவிட்டாலும் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் சி-யில் நூற்றுக்கு 95 பேர் முழுக்கக் குணமாகிறார்கள். தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

கே: பி ஊசி போட்டுப் பதினைந்து வருடம். பூஸ்டர்?

ஆரோக்கியமானவருக்கு வேண்டாம். மருத்துவமனையில் வேலை, டயாலிசிஸ் என்றால் மட்டும் எதிர்ப்புப் புரத அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். பரிசோதனை அறிக்கையில் அது 10 mIU/mL-க்குக் குறையக் கூடாது.

கே: கர்ப்பிணிகளுக்கு ஈ ஆபத்து என்கிறார்களே, அதற்கு ஊசி உண்டா?

உண்டு. நேபாள ராணுவத்தினரிடம் சோதித்த ஓர் ஊசி 95 சதவீதம் பலன் தந்ததாக 2007-ல் வெளியானது. ஆனால் விற்பனைக்கே வரவில்லை. வாங்கப்போவது ஏழை நாடுகள்தானே என்ற கணக்காக இருக்கும் என்பது என் ஊகம். சீனாவின் 'ஹெகோலின்' ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடம் சோதிக்கப்பட்டு 2011-ல் அங்கே அனுமதி பெற்றது. ஆனாலும் நோய் பரவிக்கொண்டிருக்கும் ஓர் இடத்தில் அது முதன்முதலாகப் போடப்பட்டது 2022-ல், தெற்கு சூடானின் பென்டியுவில், உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தவர்களின் முகாமில். கர்ப்பிணிகளுக்கும் சேர்த்துப் போட்டார்கள். நம்மூர் மருந்துக்கடையில் கேட்டுப் பயனில்லை. வீட்டில் கர்ப்பிணி இருந்தால், கேன் தண்ணீரானாலும் ஒரு கொதி வரவிட்டுக் கொடுங்கள்.